கருவாயன் வாயில் கை விட்டவர்

போன வாரம் என்னை நாய் கடித்துவிட்டது. நாய் வாயைத் திறந்து பார்த்தே பிழைப்பை ஓட்டியவள் நான். வேலையில் இருந்தவரை ஒரு பல் என் மேல் பதிந்ததில்லை. ஓய்வு பெற்று, விளாங்குடியில் வீட்டைக் கட்டி, இனி நமக்கும் நாய்க்கும் என்ன வழக்கு என்று உட்கார்ந்த பிறகு, எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்கு அடியில் குட்டி போட்டிருந்த வெள்ளை நாய் மணிக்கட்டுக்கு மேலே பிடித்துவிட்டது. அதன் மேல் தப்பே இல்லை. ஒரு குட்டிக்குக் கண் பீளை கட்டி ஒட்டிப் போயிருந்தது. பழக்க தோஷம், குனிந்து தூக்கினேன். பெற்றவள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

வீட்டுக்கு ஓடிவந்து குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே நின்றேன். “போதும்ப்பா, தோலே கழண்டுரும்போல” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும்? கழுவுவதுதான் பாதி வைத்தியம். அப்புறம் ஊசி. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டு வைத்திருப்போம். அதனால் கடிபட்டாலும் மற்றவர்களைப் போல அத்தனை ஊசி எங்களுக்குத் தேவையில்லை, இரண்டே போதும். எனக்கு ஆபத்து அநேகமாக இல்லை. இதை ஊருக்கெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வண்டிக்கு அடியில் குட்டிகள் மட்டும் கிடந்தன. தாயைக் காணோம். கடித்த நாய் பத்து நாள் கண் முன்னால் நடமாடினால் கடிபட்டவர் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது எங்கள் கணக்கு. நாயே இல்லையென்றால் எதை வைத்துத் தூங்குவது? அன்றிலிருந்து தினமும் போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன்.

இந்த நிலையில்தான் நிவேதா கூப்பிட்டாள். கொட்டாம்பட்டிப் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிற சின்னப் பெண். என்னிடம் கொஞ்ச நாள் வேலை பழகியவள்.

“மேடம், ஒரு கேஸ். நாய்க்குத் தாடை தொங்குது, எச்சில் வடியுது. வீட்டுல கறி எடுத்தாங்களாம். எலும்பு சிக்கியிருக்கும்போல. எக்ஸ்ரேக்கு மதுரைக்கு அனுப்பட்டுமா?”

“கையை விட்டியா?”

“இன்னும் இல்ல மேடம்.”

“இன்னும்னா என்னடி அர்த்தம்?” என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் கையை விடவில்லை, கெட்டிக்காரி. நான் கேட்கச் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு மயக்க ஊசி போட்டு, கையுறை மாட்டி, இடுக்கியால் பார்த்தாள். நிஜமாகவே எலும்புதான். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காக மாட்டியிருந்ததாம். வெறிநோயில் எரிச்சலான விஷயமே இதுதான். பல தடவை அது எலும்பாகவே இருந்து தொலைக்கும். நமக்கும் தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியம்தான் ஒருநாள் ஆளை முடிக்கும். “நீங்க எதுக்கு மேடம் அம்புட்டுப் பயந்தீங்க? எழுதிக் குடுங்க, எங்க குரூப்புல எல்லாரும் படிப்போம்” என்றாள். அதற்காகத்தான் இது. கடிபட்டது வலது கை என்று அவளிடமும் சொன்னேன், எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது.

படித்த காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எங்களுக்கு மாடுதான் பாடம். நாய் என்பது பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டுகிற கடைசி அத்தியாயம். வெறிநோய் என்றதும் நுரை தள்ளிக்கொண்டு, கண் சிவந்து, எதிரே வந்தவரையெல்லாம் கடிக்கிற நாயைத்தான் நான் மனத்தில் வைத்திருந்தேன். அதே நோயில் இன்னொரு வகை உண்டு. நாய் யாரையும் கடிக்காது. சாதுவாக நிற்கும். கீழ்த்தாடை செயலிழந்து தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும். பார்க்கிறவனுக்குப் பயம் வராது, பாவம் என்றுதான் தோன்றும். ஊமை வெறி என்போம். அதைப் புத்தகத்தில் படித்துத்தான் தேறினேன். கண்ணால் பார்த்தது சமயநல்லூர்ப் பக்கம் வேலைக்கு வந்த பிறகு.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் பால்ராஜ். சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. பெண்பிள்ளைக்கு மாட்டுப் பிரசவம் எதற்கு என்று எனக்கு நாயும் ஆடும் கோழியுமாகத் தள்ளிவிட்டவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் நாய் பார்க்கிற விஷயத்தில் அவரைப் போல ஒருவரை நான் அப்புறம் பார்க்கவில்லை. நாய் உள்ளே வந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். கண் நாயின் மேல் இருக்காது. தூக்கி வந்தவர்களின் கைகளைத்தான் பார்ப்பார். எச்சில் பட்டிருக்கிறதா, கீறல் இருக்கிறதா, தோல் வெடித்திருக்கிறதா என்று. அவருக்குப் பயம் கூடக் கூடக் குரல் இறங்கும். சத்தமாகத் திட்டினால் நோயாளி பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தம். முணுமுணுத்தால் நாங்கள் கையுறையைத் தேடுவோம்.

தாடை தொங்குகிற நாயென்றால் அவர் வரிசையாகக் கேட்பது மூன்றே கேள்வி. முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறதா? எலும்பு சிக்கிய நாய் பிறாண்டிக்கொண்டே இருக்கும், தாடை விழுந்துபோன நாய் பேசாமல் நிற்கும். குரைக்கிற சத்தம் மாறியிருக்கிறதா? மூன்றாவதாக, யார் யார் வைத்தியம் பார்த்தீர்கள்?

“கடிச்சுச்சான்னு ஏன் சார் கேக்க மாட்டேங்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கடிச்சுச்சான்னு கேட்டா இல்லம்பான். கடிச்சாத்தான் வெஷம்னு அவன் நெனப்பு. எச்சில் பட்டதெல்லாம் கணக்குல வராது. வைத்தியம் பாத்தியான்னு கேளு. அம்புட்டுப் பேரும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நான்தான் நான்தான்னு வருவாங்க” என்றார்.

கருவாயன் வந்த அன்றைக்கும் அதையேதான் கேட்டார்.

செவலை நிற நாட்டு நாய், மூக்கும் வாயும் மட்டும் கரிக்கட்டைபோல இருக்கும். அதனால் கருவாயன். கொண்டு வந்தவர் செல்வம் என்கிற விவசாயி, நெல்லும் கொஞ்சம் மல்லிகையும் போட்டிருந்தவர். மொபெட்டை அவர் ஓட்ட, பின்னால் அவர் மனைவி பஞ்சவர்ணம் மடியில் சாக்கை விரித்து நாயை வைத்துக்கொண்டு வந்தாள். கூடவே இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நாயின் எச்சில் சேலையில் ஒழுகியிருந்தது. பஞ்சவர்ணம் அதை முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டாள்.

“நேத்துப் பிள்ளைக்குக் காதுகுத்து, கெடா வெட்டுங்க டாக்டர்” என்றார் செல்வம். “முந்துன நாளே ரெண்டு கெடாவ உரிச்சோம். இவன் எலும்பத் தூக்கிட்டு ஓடிட்டான். விடிஞ்சு பாத்தா வாய மூட முடியாம நிக்கிறான். சிக்கிருச்சு. கொஞ்சம் எடுத்து விடுங்க.”

எங்கள் பக்கத்தில் கிடாவெட்டு முடிந்த மறுநாள் எந்த நாய் வாயைத் திறந்துகொண்டு நின்றாலும் எலும்புதான். அதில் யாருக்கும் சந்தேகமே வராது. எனக்கும் வரவில்லை. இடுக்கியை எடுக்கத் திரும்பினேன்.

“பிறாண்டுதா?” என்றார் பால்ராஜ்.

“இல்லீங்க. சாமி மாதிரி நிக்கிறான்.”

“குரைச்சானா?”

“நேத்து ஒருக்கா. யாரோ இருமுன மாதிரி இருந்துச்சு.”

அடுத்த கேள்வி எனக்குக் காதில் விழவில்லை. அவ்வளவு இறங்கிவிட்டது குரல். செல்வத்துக்கும் விழவில்லை. பால்ராஜ் திரும்பக் கேட்டார்: “யாரு யாரு வைத்தியம் பாத்தீங்க?”

பஞ்சவர்ணத்துக்கு முகம் மலர்ந்தது. “எங்கண்ணன் பாத்துச்சுங்க. அழகுமலைன்னு, கொட்டாம்பட்டிப் பக்கம். அங்கன மாட்டுக்கு மாங்கொட்டை சிக்குனா எங்கண்ணனத்தான் வந்து கூப்புடுவாக. நேத்துக் காலைல வந்ததும் வராததுமா, இவன் வாய்க்குள்ள கைய விட்டு நல்லாத் தேடுச்சு. ஒண்ணும் தட்டுப்படலைன்னுச்சு.”

“அப்புறம் கைய எதுல கழுவுனாரு?”

“துண்டுல தொடச்சாரு” என்றார் செல்வம். “ஆசாரி வந்துட்டாரு. நல்ல நேரம் முடியப் போகுதுன்னு அவசரப்படுத்துனாக.”

“பிள்ளை யார் மடியில உக்காந்துச்சு?”

கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான். பிள்ளை அலறும், மாமன் இறுக்கிப் பிடிப்பான், குத்திய இடத்தில் துளிர்க்கிற ரத்தத்தை அவன்தான் துடைப்பான். குழந்தையின் காதைப் பார்த்தேன். புதுக் கம்மலைச் சுற்றி மஞ்சளும் கொஞ்சம் காய்ந்த ரத்தமும் இருந்தன. என் கையிலிருந்த இடுக்கி தட்டில் விழுந்தது. அது விழுந்த சத்தத்துக்குக் குழந்தை சிரித்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. நாயைக் கூண்டில் அடைத்தோம். பால்ராஜ் தானே குழாயடிக்குக் கூட்டிப்போய் பஞ்சவர்ணத்தின் கையிலும் செல்வத்தின் கையிலும் சோப்பைக் கொடுத்து நிற்க வைத்தார். குழந்தையின் காதுகளை நான் கழுவினேன். “இது வெறியா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரிஞ்சுக்கிட்டு ஊசி போட நேரம் இல்ல, போட்டுக்கிட்டுத் தெரிஞ்சுக்குவோம்” என்று சொல்லி மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நாய் மறுநாள் இறந்தது. மூளையிலிருந்து மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பினோம். முகக் கண்ணாடி, இரட்டைக் கையுறை, காலில் ரப்பர் பூட்ஸ். அன்றைக்கு வேர்த்ததுபோல எனக்கு எந்தச் சித்திரையிலும் வேர்த்ததில்லை.

மிச்சம் இருந்தது அழகுமலை. ஊசி போடாமல் வெளியே திரிந்த ஒரே ஆள், எல்லாரையும்விட ஆழமாகக் கை விட்ட ஆள்.

செல்வத்திடம் எண் வாங்கிக் கூப்பிட்டேன். “நான் கையே விடலைங்க” என்றார் எடுத்த எடுப்பில். “துண்டச் சுத்திக்கிட்டு வாய மட்டும் தொறந்து பாத்தேன். என் தங்கச்சி அண்ணன் பெருமைக்கு அளந்து விட்டிருக்கும். எனக்கு ஒண்ணும் இல்ல, வச்சுர்றேன்.”

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று குழந்தைக்கு ஊசி போட்டுத் திரும்பிய பஞ்சவர்ணம் அழுதுகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரி வரிசையில் வைத்தே அவள் மாமியார், “தாய்மாமன் சீரு நல்லாத்தான் செஞ்சிருக்கான்” என்று சொல்லியிருக்கிறார். அதை இவள் தாங்க மாட்டாமல் அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

“சார், துண்டு சுத்தித்தான் பாத்தேங்கிறாரு” என்றேன் பால்ராஜிடம்.

“வார்த்தையக் கேக்காதே. கையப் பாத்துட்டு வா” என்றார், எனக்கே கேட்காத குரலில்.

மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, திருச்சி ரோட்டில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தும் எனக்குக் காற்றே வரவில்லை. இந்தக் கிருமியின் குணம் அப்படி. காயத்திலிருந்து நரம்பைப் பிடித்து மெல்ல மூளையை நோக்கிப் போகும். போகிற வழியில் இருக்கும்போது ஊசி அதைத் தடுத்துவிடும். போய்ச் சேர்ந்து, தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுகிற நிலை வந்துவிட்டால், அப்புறம் நாங்கள் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அது எப்போது போய்ச் சேரும் என்பது யாருக்கும் தெரியாது. வாரங்களிலும் போகும், மாதங்கள் கழித்தும் போகும். கண்டக்டர் சில்லறை கேட்டது என் காதில் விழவில்லை. “அக்கா, ஒடம்புக்குச் சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அழகுமலை வீட்டு வாசலில் கடலைச் செடி குவிந்து கிடந்தது. அவர் மனைவியும் இன்னும் இரண்டு பெண்களும் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அழகுமலை நல்ல உயரமான மனிதர். நான் யாரென்று சொன்னதும் முகம் சுருங்கியது. ஆனால் வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்கிற மனிதரில்லை. நாற்காலி போட்டார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

இடது கையால் நீட்டினார்.

எங்கள் சீமையில் பகையாளி வீடு தேடி வந்தால்கூட இடக்கையால் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். அவர் மனைவி அதைப் பார்த்து, “என்னங்க இது” என்று பதறி எழுந்தார். அழகுமலையின் வலது கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது. நான் சொம்பை வாங்கவில்லை.

“அண்ணே, வலது கைய எடுங்க.”

“கடலை புடுங்குனது. வெடிப்பும்மா.”

“வெடிப்ப நான் பாக்கக் கூடாதா?”

அவர் என்னைத் தனியாகத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போனார். மெதுவாகச் சொன்னார்: “டாக்டரம்மா, பிள்ளைக்கு ஊசி போட்டாச்சுல்ல. அது போதும். நான் போயி ஊசி போட்டேன்னா, ஆமா, வெஷக் கையோடதான் பிள்ளையத் தூக்குனேன்னு ஊரறிய ஒத்துக்கிட்டது மாதிரி ஆயிரும். என் தங்கச்சி காலம் பூரா அந்த வீட்டுல தலை நிமிர முடியுமா? சொல்லிக் காமிச்சே கொன்னுருவாக. எனக்கு ஒண்ணும் ஆகாது. எம்புட்டு மாட்டு வாயில கைய விட்டுருக்கேன்.”

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அது என் குணம், நல்லதோ கெட்டதோ. “நீங்க செத்துப்போனா மட்டும் உங்க தங்கச்சி அந்த வீட்டுல மகாராணியா இருக்குமாண்ணே? மாமனைக் கொன்ன பிள்ளைன்னு அந்தப் பிள்ளையச் சொல்ல மாட்டாங்களா? காது குத்துன நாளை அது எப்படி நெனைக்கும்?” என்றேன். கத்தித்தான் கேட்டேன். வாசலில் பெண்கள் காய் ஆய்கிற சத்தம் நின்றுபோனது. அவர் மனைவி மடியில் இருந்த கடலை சிதற ஓடி வந்தார். நேரே வந்து புருஷனின் வலது கையை மடிப்பிலிருந்து வெளியே இழுத்தார்.

விரல் முட்டியில் இரண்டு கீறல். நாய்ப் பல் உரசியது. அதன் மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தார். விரல்களிலெல்லாம் கடலை பறித்த வெடிப்பு.

பம்புசெட்டுத் தொட்டிக்குக் கூட்டிப்போனோம். சலவை சோப்புதான் கிடைத்தது. அவர் மனைவி தண்ணீரைத் திறந்துவிட, நான் பையிலிருந்த கையுறையை மாட்டிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக் கழுவினேன். சுண்ணாம்பு போய், மஞ்சள் போய், பச்சைத் தோல் தெரியும்வரை கழுவினேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய வண்டியிலேயே மேலூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி. காயத்தைச் சுற்றி மருந்தை ஏற்றினார்கள், தோளில் முதல் ஊசி. மாட்டுத் தொண்டைக்குள் கை விடுகிற மனுஷன் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாட்கள் தவறியிருந்தன. தாமதமானாலும் போட்டதுதான் நல்லது என்றார் அங்கிருந்த மருத்துவர். எனக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, நம்புவது வேறு.

சென்னையிலிருந்து முடிவு வந்தது. கருவாயனுக்கு வெறிதான். பால்ராஜ் படித்துவிட்டுக் காகிதத்தை மேஜை மேல் வைத்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு, “அந்தக் கொட்டாம்பட்டி ஆள விட்டுறாதே” என்றார்.

விடவில்லை. எல்லா ஊசியும் ஒழுங்காகப் போடுகிறாரா என்று கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாம் போட்டு முடித்தார். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. தாமதமான அந்த நாட்கள் என்னைத் தூங்க விடவில்லை. சந்தை நாள் தவறாமல் அவரைக் கூப்பிடுவேன்.

“அண்ணே, பக்கத்துல தண்ணி இருக்கா?”

“இருக்கும்மா.”

“ஒரு மடக்குக் குடிங்க. நான் கேக்கணும்.”

முதல் தடவை அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குடித்தார். “சத்தம் கேக்கல, இன்னொரு மடக்கு” என்றேன். மடக் மடக்கென்று தொண்டையில் இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தேன். இதற்கு எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் கிடையாது. மருத்துவம் படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் அந்தச் சத்தம் கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கியது. நாளாக ஆக அவருக்கும் பழகிவிட்டது. சந்தையில் என் போன் வந்தால், “ஏப்பா, டாக்டரம்மா கூப்புடுது, சொம்ப எடு” என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேலி பண்ணுவது எனக்கே கேட்கும்.

ஒரு சந்தை நாளில் அவர் எடுக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுநாளும் அதேதான். பஞ்சவர்ணத்தைக் கேட்டால், “தெரியலையேம்மா, நானும் பேசலையே” என்று அவளும் பயந்துவிட்டாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அந்தப் பிரயாணத்தில் நான் அவரைச் சாகடித்து, காரியமும் முடித்துவிட்டேன். அவர் தெருவில் நுழைந்தபோது நாலைந்து பேர் கூடி நின்றிருந்தார்கள். கிட்டப் போனால், கிணற்று மேட்டில் அழகுமலை உட்கார்ந்து ஒரு போனைப் பிரித்து வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “நான் நல்லாத்தான் குடிக்கிறேன் டாக்டரம்மா. இந்த வாட்டி போன்தான் குடிச்சிருச்சு” என்றார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவர் மனைவி என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அழகுமலை சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார். வலது கையால்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு நானும் சந்தை நாள் போனை விட்டேன். பஞ்சவர்ணத்துக்கு அடுத்து ஒரு பையன் பிறந்து, அவனுக்குக் காதுகுத்து வைத்தபோது என்னையும் பால்ராஜையும் கூப்பிட்டார்கள். பால்ராஜ் வரவில்லை, விசேஷ வீடுகளுக்குப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. நான் போனேன். ஆசாரி வந்து உட்கார்ந்ததும் செல்வம் எழுந்து ஒரு புதுச் சோப்பையும் செம்பையும் எடுத்து வந்தார். “வாங்க மச்சான்” என்று எல்லார் முன்னாலும் அழகுமலையின் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். அழகுமலை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். “நல்ல நேரம் போகுது” என்று யாரோ சொன்னார்கள். “போகட்டும்டா மாப்ள, இது முடிஞ்சாத்தான் நல்ல நேரம்” என்றார் அழகுமலை. செல்வத்தின் அம்மா புதுத் துண்டு ஒன்றை எடுத்து வந்து அவரிடம் நீட்டினார். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் காதுகுத்துக்கு முன்னால் தாய்மாமன் கைக்கு மாப்பிள்ளை சோப்புத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று கேள்விப்படுகிறேன். ஏன் என்று கேட்டால் சின்னவர்களுக்குத் தெரிவதில்லை, முறை என்கிறார்களாம்.

நிவேதா, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். வெளியிலிருந்து பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் முதலில் நாயைப் பார்க்காதே, வந்தவர்கள் கையைப் பார். கடித்ததா என்று கேட்காதே. உதவி செய்தது யார் என்று கேள். நம் ஊரில் ஆபத்தில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் பாவம் பார்த்தவர்கள்தான். நானே போன வாரம் அப்படித்தான் மாட்டினேன்.

இத்தோடு முடித்துவிட்டேன் என்றுதான் பேனாவை மூடினேன். இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. இஸ்திரி வண்டிக்கு அடியில் இன்று காலையிலும் தாய் இல்லை. இஸ்திரிக்காரர் ஒரு கிண்ணத்தில் பால் வைத்திருக்கிறார், குட்டிகள் குடிக்கின்றன. நான் இரண்டு தெரு சுற்றித் தேடிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். நாலைந்து நாளாகத் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையைக் கவனிக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் எதுவும் வராது, எனக்கு வரவும் வராது. எல்லாம் தெரியும். தெரிந்தும் மத்தியானம் டம்ளரை எடுத்தவள், குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

“டாக்டரம்மா, அழகுமலை பேசுறேன். எங்கூரு டாக்டர் பிள்ள நிவேதா சொல்லுச்சு. உங்களையே கடிச்சிருச்சாமே?”

“ஆமாண்ணே. சின்னக் கடிதான். ஊசியெல்லாம் போட்டாச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல.”

“நானும் அன்னைக்கு அப்படித்தான் சொன்னேன்” என்றார். பிறகு, “பக்கத்துல தண்ணி இருக்கா?” என்று கேட்டார்.

டம்ளரை எடுத்தேன். விளிம்பு பல்லில் இடித்தது. ஒரு மடக்குக் குடித்தேன்.

“சத்தம் கேக்கல டாக்டரம்மா” என்றார். “இன்னொரு மடக்கு.”

குடித்தேன்.